ட்ராப் பார் வண்டிக்கு ஷிஃப்டர் மாற்ற வேண்டும்: 9 ஸ்பீடிலேயே இருக்கலாமா?

தூரவழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினான்கு வருடமாக நான் ஓட்டும் டூரிங் சைக்கிளின் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) பற்றிய கேள்வி. ஸ்டீல் ஃபிரேம், ட்ராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்), முன்னால் மூன்று செயின்ரிங் (50-39-30 பற்கள்), பின்னால் 9 ஸ்பீட் 11-34 கேசட் (ஒன்பது பல்சக்கரங்களின் அடுக்கு; அதில் ஒவ்வொரு சக்கரத்தையும்தான் ‘பல்’ என்கிறேன்). பின் டிரேலியர் (செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் பாகம்) ஷிமானோ நிறுவனத்தின் மவுண்டன் வகை. பிரேக் கேன்டிலீவர் (சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கும் ஒயர் பிரேக்). பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் வகைதான் இத்தனை காலமும்.

வலது லீவர் ஆறு மாதமாகவே சரியில்லை. கிளம்பிய முதல் பத்து நிமிடம் பெரிய பல்லுக்கு ஏறாது. இரண்டு மூன்று முறை தள்ளிய பிறகு ஏதோ மனம் வந்ததுபோல ஏறும். போன வாரம் ஈர மண்ணில் சறுக்கி வண்டி வலப்பக்கமாக விழுந்தது. லீவர் நேராகக் கல்லில் போய் இடித்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பிரேக் பிடிக்கிறது. கியருக்குத் தள்ளினால் பிடிமானமே இல்லை, லீவர் வெறுமனே போய்த் திரும்புகிறது. இடது லீவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தேர்வு அதையும் பொறுத்தது. எனக்கு வயது 56. வலது கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்துகொண்டு வருகிறது. பிரேக்கை இழுக்கும்போது வலி இல்லை. கியருக்காக லீவரை உள்பக்கமாகப் பக்கவாட்டில் தள்ளும்போதுதான் வலிக்கிறது, ஏனென்றால் அப்போது கட்டைவிரல்தான் ஹூட்டை (லீவரின் ரப்பர் போர்த்திய மேல்பகுதி) இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண்பது கிலோமீட்டர் தாண்டினால் இரவில் பாட்டில் மூடி திறக்க முடிவதில்லை. கையும் சிறியது.

பழைய லீவர் போலவே இன்னொன்று தேடுவதா, புதிய 9 ஸ்பீட் ஜோடி வாங்குவதா, பார் முனையில் பொருத்தும் ஷிஃப்டருக்குப் போவதா, இல்லை எல்லாவற்றையும் கழற்றி 11 ஸ்பீட் ஆக்குவதா? வண்டியையே மாற்றச் சொல்லாதீர்கள். இந்த ஃபிரேமில் உட்கார்ந்தால் எனக்கு முதுகு வலிப்பதில்லை. அப்படி இன்னொன்று அமையும் என்று நம்பி இதை விட எனக்கு மனமில்லை.

வேகமுள் எழுதியது:

என் ஓட்டு 11 ஸ்பீடுக்குத்தான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு வரும் லீவரில் இரண்டு விரல் போதும், கைக்கு அவ்வளவு இதம். போன வருடம் மாற்றினேன். மலை இறக்கத்தில் கை மரத்துப்போவது அன்றோடு நின்றது. 9 ஸ்பீடுக்கு இனி நல்ல பாகம் கிடைப்பது குறைந்துகொண்டேதான் போகும். செய்வதை ஒரேயடியாகச் செய்துவிடுங்கள்.

ஒயர்முனை எழுதியது:

வேகமுள் சொல்வது அவர் வண்டிக்குச் சரி. உங்கள் வண்டிக்கு வராது அக்கா (வயதைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் உரிமையோடு அக்கா என்கிறேன்). கேன்டிலீவர் ஃபிரேமில் டிஸ்க் காலிப்பர் மாட்ட இடமே இருக்காது. ஃபிரேமும் ஃபோர்க்கும் அதற்கென்றே செய்திருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு ஒயர் பிரேக்கோடு 11 ஸ்பீட் என்றாலும் ஷிஃப்டர், பின் டிரேலியர், கேசட், செயின் எல்லாம் மாறும், முன்னால் இருக்கும் மூன்று செயின்ரிங்கும் போகும். ரோடு 11 ஸ்பீட் ஃப்ரீஹப் (கேசட் உட்காரும் உருளை) பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். 11-34 போன்ற சில கேசட் மட்டும் பழைய ஹப்பிலும் உட்காரும். ஒரு லீவர் உடைந்ததற்கு இவ்வளவும் தேவையில்லை.

இனி முக்கியமான விஷயம். ஷிஃப்டர் வாங்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஸ்பீட்?". அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ஒரு கிளிக்குக்கு அது எத்தனை மி.மீ. ஒயரை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டிரேலியர் எவ்வளவு நகர்கிறது என்பது. இந்த இரண்டையும் பெருக்கினால் கேசட்டில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம் வர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

உங்கள் கேசட்டில் பல்லுக்குப் பல் ஏறக்குறைய 4.35 மி.மீ. ஷிமானோவின் பழைய டிரேலியர் 1 மி.மீ. ஒயருக்கு 1.7 மி.மீ. நகரும். அப்படியானால் கிளிக்குக்கு 2.5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இழுக்கும் ஷிஃப்டர் வேண்டும். அந்த 1.7 கணக்கு ரோடு வகையில் 7 ஸ்பீடிலிருந்து பழைய 10 ஸ்பீட் வரைக்கும், மவுண்டன் வகையில் 9 ஸ்பீட் வரைக்கும் ஒன்றுதான். அதனால்தான் ரோடு லீவரும் மவுண்டன் டிரேலியரும் உங்கள் வண்டியில் இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருந்தன.

அதற்குப் பிறகு வழி பிரிந்துவிட்டது. ஷிமானோ மவுண்டன் 10 ஸ்பீடில் கணக்கு 1.2 பக்கம் போனது, ரோடு 11 ஸ்பீடில் 1.4. ஷிமானோவின் டியாக்ரா 4700 பெயருக்கு 10 ஸ்பீட், ஆனால் 11 ஸ்பீடின் கணக்கில் ஓடுவது. ஸ்ராம் என்ற இன்னொரு நிறுவனத்தின் ரோடு 10 ஸ்பீட் 1.3. மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தில் ஷிமானோவுக்கு ஒத்துப்போகும் ஆர்9 லீவரும் உண்டு, தனிக் கணக்கில் ஓடும் அட்வென்ட் வரிசையும் உண்டு. இரண்டுமே 9 ஸ்பீட்! பெட்டிமேல் உள்ள எண்ணை மட்டும் பார்த்து நானே ஒருமுறை ஒரு ஜோடி வாங்கினேன். முதல் மூன்று பல் அழகாக ஏறியது, நாலாவதில் கரகரத்தது, ஆறாவதில் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்றது. ஒயரை இறுக்கியும் தளர்த்தியும் ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. கணக்கு பொருந்தாத இடத்தில் இறுக்குவதால் ஒன்றும் நடக்காது. பிழை ஒவ்வொரு கிளிக்குக்கும் கூடிக்கொண்டே போகும்.

அதனால் எதையும் வாங்கும் முன் பின் டிரேலியரின் உள்பக்கம், சக்கரத்தைப் பார்த்த பக்கத்தைத் துடைத்துவிட்டு அங்கே பொறித்திருக்கும் எண்ணைப் படித்து இங்கே எழுதுங்கள்.

பழைய லீவரைத் தூக்கிப்போடும் முன் இரண்டு சோதனை. ஆறு மாதமாகக் கிளம்பும்போது மட்டும் தகராறு செய்தது என்றால் அது பெரும்பாலும் உள்ளே கெட்டியாகிப்போன கிரீஸ். பல வருடம் உழைத்த எந்த லீவருக்கும் வருவதுதான். பல்லைப் பிடிக்க வேண்டிய சின்னக் கொக்கி கிரீஸில் ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. ரப்பர் ஹூட்டை மடக்கி, கிரீஸ் கரைக்கும் திரவத்தை உள்ளே நிறையப் பீய்ச்சி, ஐம்பது அறுபது முறை இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். கறுப்பாக ஒழுகுவது நின்ற பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்கள். அடுத்தது, கியர் ஒயரின் தலைப்பக்கம். 1.2 மி.மீ. ஒயர் லீவருக்குள் வளைகிற இடத்தில் ஒவ்வொரு இழையாக அறும். அறுந்த இழை ஒன்று கொக்கியில் சிக்கினாலும் நீங்கள் சொல்வது போலத்தான் இருக்கும்.

கடைசிப்பல் எழுதியது:

நான் பார் முனை ஷிஃப்டர் ஆள். பன்னிரண்டு வருடம், இரண்டு வண்டி. அக்காவின் கை விவரத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பார் முனையில் ஷிஃப்ட் செய்வது விரல் வேலை இல்லை. டிராப்பின் (பாரின் கீழ்வளைவு) கடைசியில் கையை வைத்து, சுண்டுவிரல் பக்க உள்ளங்கையாலேயே தள்ளலாம். நாலு விரலையும் மடக்கி இழுக்கலாம். கட்டைவிரல் சும்மா இருக்கும். கையுறை போட்டிருந்தாலும் ஒன்றுதான். குளிரில் விரல் விறைத்த நாளில்கூட நான் கியர் தவறவிட்டதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். ஹூட்டில் கை இருக்கும்போது கியர் மாற்ற முடியாது, ஒரு கையை எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது ஆகாத காரியம், ஏற்றம் வருவதற்கு முன்பே பல்லை மாற்றிவிடும் பழக்கம் வர வேண்டும். சின்ன ஃபிரேமில், மெதுவாக வளைக்கும்போது முழங்கால் ஷிஃப்டரில் இடிக்கும். சுவரில் சாய்த்தால் முதலில் உரசுவதும் அதுதான். கூட்டமாக வேகப் பந்தயம் ஓட்டுகிறவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். நாள் முழுக்கச் சுமையோடு போகிறவருக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

ஷிமானோவின் எஸ்எல்-பிஎஸ்77 என்ற 9 ஸ்பீட் ஜோடி என்னுடையது. வலதில் கிளிக்கோடும் வைக்கலாம், சின்ன வளையத்தைத் திருப்பிக் கிளிக் இல்லாத ஃபிரிக்‌ஷனுக்கும் மாற்றலாம். வழியில் டிரேலியர் வளைந்துபோனால் அந்த வளையம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எனக்கு ஒருமுறை சேர்த்திருக்கிறது. இடது எப்போதுமே ஃபிரிக்‌ஷன். மூன்று செயின்ரிங் இருக்கிற உங்களுக்கு அது வரம். செயின் முன் டிரேலியரில் உரசினால் ஒரு மயிரிழை நகர்த்தி நிறுத்திக்கொள்ளலாம், ரோடா மவுண்டனா என்ற கணக்குத் தொல்லையும் முன்னால் இல்லை.

தூரவழி எழுதியது:

ஒயர்முனை தம்பிக்கும் கடைசிப்பல்லுக்கும் நன்றி. நேற்று மாலை முழுக்க வண்டியோடுதான் இருந்தேன்.

டிரேலியரின் உள்பக்கம் ஆர்டி-எம்591 என்று இருக்கிறது.

லீவரைக் கழுவினேன். தேன் நிறத்தில் ஆரம்பித்துத் தார் போல ஒழுகியது. அறுபது முறை தட்டிய பிறகு கிளிக் சத்தம் திரும்ப வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். ஒயரை மாட்டி இழுத்துப் பார்த்தபோது மூன்றாவது பல்லுக்கு மேல் கொக்கி நழுவுகிறது. விளக்கு அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பித்தளைத் துண்டின் ஓரம் உடைந்து பளபளக்கிறது. கிரீஸை நான் முன்பே கவனித்திருந்தால் விழுந்தபோது தப்பித்திருக்குமோ என்னவோ. இடது லீவரையும் கையோடு கழுவிவிட்டேன், அது புதிது போல ஆகிவிட்டது.

அப்படியானால் 9 ஸ்பீட் புது லீவர் ஜோடியா, பார் முனையா? பார் முனை என்றால் பிரேக் லீவர் தனியாக வாங்க வேண்டும் இல்லையா? கேன்டிலீவருக்கு எது?

ஒயர்முனை எழுதியது:

எம்591 என்றால் 9 ஸ்பீட், 1.7 கணக்குதான். நிம்மதி. அதே வரிசையில் அடுத்து வந்த எம்610 10 ஸ்பீட், கணக்கே வேறு. அதனால்தான் எண்ணைக் கேட்டேன்.

புது லீவர் ஜோடிதான் வேண்டும் என்றால் ஷிமானோ சோராவின் ஆர்3000 வரிசை பின்பக்கத்துக்குப் பொருந்தும். மூன்று செயின்ரிங்குக்கு இடது லீவர் ஆர்3030 என்று தனி எண், இரண்டு செயின்ரிங்குக்கானதை வாங்கிவிடாதீர்கள். கியர் ஒயர் பாரில் சுற்றும் டேப்புக்கு அடியில் போவதால் முன்னால் பை கட்ட வசதி. ஆனால் அதிலும் பெரிய பல்லுக்கு ஏற பிரேக் லீவரையேதான் பக்கவாட்டில் தள்ள வேண்டும். உங்களுக்கு வலிப்பதும் அதே அசைவு. உடைந்ததுக்குப் பதிலாக அதே வலியைப் புதிதாக வாங்குவானேன்? என் கருத்து பார் முனைதான்.

இன்னும் இரண்டு வழியும் உண்டு. ஃபிரேமின் சாய்ந்த குழாயில் ஷிஃப்டர் மாட்டும் குமிழ் இருந்தால் அங்கேயே வைக்கலாம். அதுதான் எல்லாவற்றிலும் குறைந்த ஒயர், குறைந்த வளைவு. ஆனால் சுமையோடு போகும்போது ஒரு கையைக் கீழே விடுவது எனக்குப் பிடிப்பதில்லை. மவுண்டன் ஷிஃப்டரை ட்ராப் பாரில் மாட்டலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அதன் வளையம் 22.2 மி.மீ. பாருக்கு. ட்ராப் பார் லீவர் உட்காரும் இடத்தில் 23.8. நுழையாது.

பிரேக்கில் கவனம் வையுங்கள், கியர் தவறினால் எரிச்சலோடு போகும், பிரேக் அப்படியில்லை. கேன்டிலீவருக்குக் குறைந்த ஒயர் இழுக்கும் சாதாரண ரோடு லீவர் போதும். கைகள் நீளமான வி-பிரேக்குக்கு இரண்டு மடங்குக்குப் பக்கமாக இழுக்கும் லீவர் தனியாக இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதைக் கேன்டிலீவரில் மாட்டினால் லீவர் கல் போல இறுகி நிற்கும், வண்டி நிற்காது. டெக்ட்ரோ நிறுவனத்தில் ஆர்எல்340 உங்கள் பிரேக்குக்கு, ஆர்எல்520 வி-பிரேக்குக்கு. 340-இன் சிறிய கைக்கான வடிவம் ஆர்எல்341. உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

கடைசிப்பல் எழுதியது:

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை, நான் தடுக்கி விழுந்து கற்றவை.

பாருக்குள் போகும் துண்டை இறுக்கும் ஆணி 6 மி.மீ. ஆலன் கீ. அது எதிர்த்திசையில் இறுகும், அதாவது இடப்பக்கமாகச் சுற்றினால்தான் பிடிக்கும். தெரியாமல் வலப்பக்கம் சுற்றிச் சுற்றி, பழுதுள்ள பாகம் வந்துவிட்டது என்று நான் திருப்பி அனுப்பப் போனேன்.

ஷிஃப்டர் வந்தால் பார் சில சென்டிமீட்டர் நீளும். முழங்கால் இடிக்கிறது என்று உடனே பாரை அறுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் டேப் சுற்றாமல், அங்கங்கே நூல் கட்டி ஓட்டிப் பாருங்கள்.

ஒயரை முழுக்க டேப்புக்கு அடியில் கொண்டுபோனால் பார்க்க அழகு, ஆனால் வளைவு கூடும், கிளிக் கொஞ்சம் சோம்பும். டிராப்பின் நடுவில் வெளியே எடுத்து ஒரு வட்டமாக ஃபிரேமுக்கு விட்டால் ஷிஃப்ட் வெண்ணெய். நான் இரண்டாவது கட்சி. கியருக்கு 4 மி.மீ. கியர் அவுட்டரே (ஒயர் ஓடும் உறை) போடுங்கள். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கும், அழுத்தத்தில் சுருங்கி ஒவ்வொரு கிளிக்கையும் கெடுக்கும். அதேபோல் பிரேக்குக்குக் கியர் அவுட்டரைப் போடவே கூடாது. அதில் கம்பிகள் நீளவாக்கில்தான் இருக்கின்றன, பிரேக்கின் இழுப்பில் பிளந்துவிடும்.

தூரவழி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 9 ஸ்பீட் பார் முனை ஜோடியும் ஆர்எல்341 பிரேக் லீவரும் மாட்டினேன். முழுக்க நானே செய்தேன், இரண்டு நாள் ஆனது.

டேப் சுற்றும் முன் ஒயர்முனை சொன்ன கணக்கை என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். ஒயரை டிரேலியரில் கட்டாமல், நுனியில் சின்னப் பை ஒன்றைத் தொங்கவிட்டு இழுப்பாக வைத்து, அவுட்டர் முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். எட்டுக் கிளிக். கோடு 20 மி.மீ. தாண்டிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. எட்டால் வகுத்தால் இரண்டரைக்குச் சற்று மேலே. அதற்குப் பிறகுதான் கட்டினேன். ஒயரைக் கால் சுற்று இறுக்கியதோடு ஒன்பது பல்லும் ஏறி இறங்கின.

இதுவரை 600 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. முதல் வாரம் பழைய பழக்கத்தில், இப்போது அங்கே இல்லாத லீவரைத் தள்ளக் கை தேடியது. இரண்டு முறை ஏற்றத்தின் நடுவில் தவறான பல்லில் மாட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். இப்போது தூரத்தில் மேடு தெரியும்போதே கை கீழே போகிறது. முழங்கால் ஒருமுறை இடித்தது. ஷிஃப்டர் இருக்கிற முனைகளை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன், பிறகு இடிக்கவில்லை. பாரை அறுக்கவில்லை. ஒயரை வெளியே வட்டமாகத்தான் விட்டிருக்கிறேன், முன் பை மட்டும் அதில் உரசுகிறது, அதற்குப் பையை இரண்டு விரல் கீழே இறக்க வேண்டும்.

ஹூட்டிலிருந்தே தட்டிவிடும் சுகம் போனது உண்மை. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது அதை நினைத்துக்கொள்கிறேன். சிறிய கைக்கான லீவர் பற்றி எனக்கு யாரும் முன்பே சொல்லாமல் போய்விட்டார்களே என்றுதான் இருக்கிறது. பதினான்கு வருடம் விரல் நுனியால் பிரேக் பிடித்திருக்கிறேன், இப்போது விரலின் இரண்டாவது கணுவே எட்டுகிறது.

போன சனிக்கிழமை 112 கிலோமீட்டர். இரவில் பாட்டில் மூடியை வலது கையாலேயே திறந்தேன்.

பழைய இடது லீவர் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். மூன்று செயின்ரிங்குக்கானது, ஹூட் ரப்பர் கிழியவில்லை. உங்களில் யாருக்காவது இடது மட்டும் போயிருந்தால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.